நான்காம் ஆண்டு நீண்டுபோன தெரு

1.

இந்தக் கதை ஒரு கடிதத்திலிருந்து பிறந்தது. அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவள் நான்தான். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பாதி வழியில் நீங்களாகக் கண்டுபிடித்து, ‘இதை ஏன் மறைத்தாள்’ என்று முகம் சுளிக்க வேண்டாம்.

எங்கள் நகரத்தின் தெருப் பந்தயத்துக்கு இது நாற்பதாம் ஆண்டு. ஆண்டுக்கு இரண்டு நாள், பஸ்ஸும் சைக்கிளும் போகும் தெருக்களையே அடைத்து, ஓரங்களில் பழைய டயர்களை அடுக்கி, கார்களை ஓடவிடுவார்கள். பந்தயக் குழுவின் கடிதப் போக்குவரத்து முழுவதும் நான்காம் ஆண்டிலிருந்து என் பொறுப்பு. நாற்பதாம் ஆண்டு மலருக்குத் தடத்தின் வரலாற்றை எட்டுப் பக்கத்தில் எழுதித் தரச் சொன்னார்கள். ஏழு பக்கம் ஒரு வாரத்தில் முடிந்தது. எட்டாவது பக்கம் சாதனைப் பட்டியல். அதில் ஒரு வரியில் கை நின்றுவிட்டது.

நின்ற கையைச் சும்மா வைத்திருக்க எனக்குப் பழக்கமில்லை. ஆகவே இதை எழுதுகிறேன். கதை என்று சொல்லிக்கொண்டாலும், கடிதத்தின் ஒழுங்கில்தான் வரும்: எண் போட்டு, பத்தி பிரித்து. நான் சிறிய ஊர்ப் பள்ளியில் படித்தவள். அங்கே விடுமுறை விண்ணப்பத்தில் ‘பொருள்’ என்று எழுதி அடிக்கோடு போடாவிட்டால் காய்ச்சலையே நம்ப மாட்டார்கள்.

2.

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

“இயந்திரங்களின் உறுமலில் நகரமே அதிர்ந்த அந்தக் காலையில்—”

(விட்டுவிட்டேன். நகரம் அதிரவில்லை. முதல் ஆண்டு வந்தவை ஒன்பது கார்கள். அவற்றில் இரண்டு கிளம்பவே இல்லை.)

“வேகம் என்பது மனிதனின் ஆதி—”

(இதை எழுதியது நானா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. குழுத் தலைவரின் மேடைப் பேச்சுக்கு எழுதிக் கொடுத்துக் கொடுத்து ஒட்டிக்கொண்ட வாடை.)

“தடத்தின் நீளம் 3,108 மீட்டர்.”

இது பிடித்தது. சின்னது, நேரானது, கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பலாம் போல இருந்தது. ஒரே குறை, அது தப்பு. மூன்று ஆண்டுகள் ஊரே நம்பிய தப்பு. அளந்தவர் என் அண்ணன்.

3.

பந்தயத்துக்கென்றே கட்டிய திடலின் வரலாறு எழுதுவது சுலபம். அங்கே வேறு எதுவும் நடக்காது. தெரு அப்படியில்லை. ஞாயிற்றுக்கிழமை அதில் சாதனை நடக்கும். திங்கட்கிழமை அதே இடத்தில் ஒருவர் குடையை மறந்துவிட்டுப் போவார். என் ஏழு பக்கத்தில் இரண்டும் இருக்கின்றன. ஏழாம் ஆண்டு ஒரு கார் பள்ளிச் சுவரை இடித்துத் திறந்ததும், கணக்குப் பாட அறைக்கு முதன்முதலாக வெளிச்சம் வந்ததும், தலைமையாசிரியர் சுவருக்குப் பதில் ஜன்னல் கேட்டதும் ஐந்தாம் பக்கத்தில்.

ஒரு சுற்று காட்டிவிடுகிறேன். தபால் நிலையத்தின் முன்னால் தொடங்கும் நேர்த்தெரு. அதன் முடிவில் முதல் சந்திப்பு. நேராகக் கடந்து போனால் முடிதிருத்தும் கடை. பந்தய நாளில் அங்கே நாற்காலி தெருவைப் பார்த்துத் திரும்பிவிடும், தலை எப்படி வந்தாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பிறகு பள்ளிச் சுவர், மருத்துவமனையின் பின்பக்கம், மீன் அங்காடி வளைவு, கிடங்குத் தெரு, மறுபடி தபால் நிலையம். வழியில் மொத்தம் பதினோரு சந்திப்புகள்.

கார்கள் போதாததால் முதல் ஆண்டிலேயே சரக்கு வேன்களுக்கு ஒரு தனிப் பிரிவு வைத்தார்கள். கூட்டம் சேர்ந்ததே அதற்குத்தான். அதில் ஓடியவர் ரொட்டிக்கார அக்கா.

இந்த இடத்தில் அவரை நல்லவராக்கிவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. ரொட்டியை அமுக்கிப் பார்க்கிறவரின் கையைத் தட்டிவிடுவார். ‘நல்லா இருக்கு’ என்று சொன்னால் ‘தெரியும்’ என்பார். வாசகருக்குப் பிடிக்குமோ என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு, அவரைப் பிடிக்க வேண்டும் என்று நான் உங்களிடம் கேட்கப்போவதில்லை, அவர் ஓட்டியதை நம்பினால் போதும் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் ஆண்டில் அவருக்கு இருபத்தாறு வயது. இதே தெருக்களில் தினமும் காலையில் நாற்பத்திரண்டு கடைகளுக்கு ரொட்டி போட்டுக்கொண்டிருந்தார். மீன் அங்காடி வளைவு ஒன்பது மணி வரை ஈரமாக இருக்கும் என்று அவருக்குத் தெரியும். மருத்துவமனைக்குப் பின்னால் சாக்கடை மூடி இரண்டு விரல் உயரமாக நிற்கும், இடது பக்கம் ஒதுங்க வேண்டும் என்றும் தெரியும். மற்றவர்கள் ஒரு நாள் பயிற்சியில் படித்த பாடத்தை அவர் ஆறு வருடமாக ஒப்பித்துக்கொண்டிருந்தார். அந்த ஆண்டு, ஒரு சுற்று: இரண்டு நிமிடம், பத்தொன்பது புள்ளி ஆறு வினாடி. வேன் பிரிவில் யாரும் அதன் பக்கத்தில்கூட வரவில்லை. அடுத்த வாரமே வேனின் பக்கவாட்டில் சிவப்பு எழுத்தில், ‘நகரத்தின் வேகமான ரொட்டி’.

4.

நான்காம் ஆண்டு அங்கீகாரம் தருவதற்கு வெளியிலிருந்து ஒரு சங்கத்தார் வந்தார்கள். தங்கள் கருவியால் தடத்தை அளந்தார்கள். 3,304 மீட்டர். பழைய அளவைவிட 196 மீட்டர் அதிகம். அந்த ஆண்டுதான் நடைபாதை ஓரக்கல்லெல்லாம் மாற்றிப் பதித்திருந்தார்கள். அதில் தெரு நீண்டிருக்கும் என்று எல்லாரும் தலையாட்டினார்கள். நீளம் மாறினால் புதிய தடம். புதிய தடத்துக்குப் புதிய பட்டியல். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வாரம் நான் தட்டச்சு செய்த கடிதத்தின் படி இன்றும் கோப்பில் இருக்கிறது:

பொருள்: சாதனை நேரம் தொடர்பாக.

1. தடத்தின் நீளம் மாறியுள்ளதால் இது புதிய தடமாகக் கொள்ளப்படும்.

2. தங்கள் நேரம் ‘பழைய தடம்’ என்ற தலைப்பில் வைக்கப்படும். நடப்புப் பட்டியலில் இடம்பெறாது.

3. தங்கள் வேனில் எழுதப்பட்டுள்ள வாசகத்தை அகற்றிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

[மூன்றாம் பத்தியை என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானே சேர்த்தேன். இருபத்து மூன்று வயது. இரண்டு பத்தியோடு நின்றால் கடிதம் மொட்டையாகத் தெரிந்தது.]

அவரிடமிருந்து பதில் வந்தது. “தெரு 196 மீட்டர் நீண்டால் என் வண்டிக்கு ஏன் தெரியவில்லை? இந்த ஆண்டுப் பயிற்சியிலும் அதே நேரம்தான் வருகிறது.”

நான் எழுதினேன்: “தங்கள் கடிதம் பரிசீலிக்கப்பட்டது.”

யார் பரிசீலித்தது? நான். எவ்வளவு நேரம்? உறை ஒட்டும் நேரம்.

அவர் வாசகத்தை அழித்தார். அதன் பிறகு ஓடவில்லை. ஆனால் கடிதத்தின் இரண்டு சொற்கள் எப்படியோ மீன் அங்காடிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. ‘பழைய தடம் வருது, வழி விடுங்க’ என்று ஒருவர் சொல்ல, பத்துப் பேர் சிரிக்க, அதுவே பெயராகிவிட்டது. முப்பத்தாறு வருடம். அன்று பிறக்காதவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

பன்னிரண்டாம் ஆண்டோடு வேன் பிரிவை நிறுத்திவிட்டார்கள். ‘புதிய’ தடத்தில் அந்தப் பிரிவின் சிறந்த நேரம் ஒரு குளிர்பெட்டிக் கடை ஓட்டுநருடையது: இரண்டு நிமிடம், இருபது புள்ளி மூன்று வினாடி. அக்காவைவிட முக்கால் வினாடிக்குக் கொஞ்சம் குறைவான தாமதம். இனி அந்தப் பிரிவில் யாரும் ஓடப்போவதில்லை. மலரில் எந்த நேரம் அச்சாகிறதோ அதுதான் என்றைக்கும்.

என் கை நின்ற வரி அது.

5.

வரலாறு என்றால் மூலத்தைப் பார்க்க வேண்டும் என்று, அண்ணன் வேலை பார்த்த நகராட்சிச் சாலைப் பிரிவுக்குப் போனேன். பழைய அளவுப் பதிவேட்டில் முதல் ஆண்டுக்கான பக்கம் இருந்தது. அண்ணனின் கையெழுத்து, தலை சாயாத, நிமிர்ந்த எழுத்து. தபால் நிலையத் தெரு 412. முடிதிருத்தகத் தெரு 265. இப்படியே இறங்கி, மொத்தம் 3,108. அதற்குக் கீழே, சிறியதாக: ‘சந்திப்புகள் தனிப் பதிவேட்டில்.’

நான் அந்த வரியை—

(இங்கே ‘இடி விழுந்ததுபோல் நின்றேன்’ என்று எழுதினேன். அடித்துவிட்டேன். நான் உட்கார்ந்துதான் இருந்தேன். கூட்டிப் பார்த்தேன். பதினோரு சந்திப்பு, ஒவ்வொன்றும் பதினேழு, பதினெட்டு மீட்டர் இருக்கும். 196 வரும்.)

தெரு ஒரு அடிகூட நீளவில்லை. அக்காவின் வேன் சரியாகத்தான் சொன்னது.

தனிப் பதிவேட்டைக் கேட்டேன். அலுவலகம் இடம் மாறியபோது தொலைந்துவிட்டதாம். பந்தயக் குழுத் தலைவருக்குப் போன் செய்தேன்.

“உங்க கூட்டல் சரியாத்தான் இருக்கும்மா,” என்றார். “ஆனா உங்க கூட்டலை மட்டும் வச்சுப் பட்டியலை மாத்தினா, நாளைக்கு ஆளாளுக்கு ஒரு கூட்டலோட வருவாங்க. அளந்தவரே மறுபடி அளந்து, ஜங்ஷனை விட்டுட்டேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுக்கட்டும். சேர்த்துடலாம். புதன்கிழமை அச்சுக்குப் போகுது.”

6.

அண்ணன் ஓய்வு பெற்றுப் பதின்மூன்று வருடமாகிறது. இந்தக் கதையில் அவரை என்ன செய்வது என்று தெரியாமல் விழித்தேன். நீங்கள் ஒரு வில்லனை எதிர்பார்ப்பீர்கள். அவர் காலணியைக்கூட சுவருக்கு இணையாக விடுகிறவர். அவ்வளவுதான் அவரிடம் உள்ள கெட்ட குணம்.

பக்கத்தின் நகலை மேசையில் வைத்தேன்.

“இது உங்க கையெழுத்துதானே, அண்ணா?”

“என்னோடதுதான். என்ன இப்போ?”

“ஜங்ஷன் எல்லாம் விட்டுப்போயிருக்கு.”

“விட்டுப்போகல. விட்டிருக்கேன். ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியுமா உனக்கு?”

சமையலறையிலிருந்து அண்ணி குரல் கொடுத்தார். “அவருக்கு எதுவும் விட்டுப்போகாதும்மா. போன வாரம் என்னை மருந்துக்கடையில நிக்க வச்சுட்டு வீட்டுக்கு வந்துட்டாரு. அதுவும் விட்டுப்போகல. விட்டிருக்காரு.”

“நீ சும்மா இரு,” என்றார் அண்ணன், கோபமில்லாமல். என் பக்கம் திரும்பினார். “தார் போடுறவன் தெருவுக்கு நீளம் கேட்பான். ஜங்ஷனுக்குச் சதுர மீட்டர் கேட்பான். ரெண்டையும் சேர்த்து எழுதினா ஒரே இடத்துல ரெண்டு தடவை தார் விழும். அதனால ஜங்ஷன் வந்ததும் அளவுச் சக்கரத்தைத் தூக்கிடணும். அந்தப் பக்கம் போய் வைக்கணும். அதான் முறை. முப்பத்திரண்டு வருஷம், ஒரு புகார் கிடையாது.”

“இது தார் இல்லையே. பந்தயம்.”

“என்கிட்ட என்ன கேட்டாங்க? தெருவோட நீளம் கேட்டாங்க. சொன்னேன்.”

“அதனால ஒருத்தர் பேரு போச்சுண்ணா.”

அவர் நகலை மடித்தார். மடிப்பு சரியாக நடுவில் விழுந்தது. “நான் தப்பா அளந்தேன்னு எழுதணும். அதானே? எழுதுறதுக்கு நீ இருக்கே. கையெழுத்துப் போட வேற ஆளைப் பாரு.”

7.

பேக்கரிக்குப் போனபோது அக்கா தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அறுபத்து மூன்று வயது. என்னைப் பார்த்ததும், “என்ன, மறுபடியும் லெட்டரா?” என்றார்.

சொன்னேன். பதிவேடு, சந்திப்பு, 196 மீட்டர், எல்லாம். அவர் அடுக்குவதை நிறுத்தவில்லை.

“ஆக, தெரு நீளல.”

“ஆமாக்கா.”

“இதை நான் அன்னைக்கே சொன்னேன்.”

“ஆமாக்கா.”

“நீ பரிசீலிச்சேன்னு எழுதினே.”

“ஆமாக்கா.”

“இன்னொரு ஆமா சொல்லு, இந்தத் தட்டாலயே போடுறேன்.”

அப்போது கடைக்குள் ஒருவர் தலையை நீட்டி, “பழைய தடம், பெரிய ரொட்டி ரெண்டு,” என்றார். முப்பது வயதிருக்கும். குரலில் கிண்டல் இல்லை. அக்கா எடுத்துக் கொடுத்தார். அவர் போனதும் சொன்னார்:

“பார்த்தியா? கேலி பண்ணினவனுக்குத் திருப்பிக் குடுக்கலாம். இவன் அது என் பேருன்னு நினைக்கிறான். இவனை என்ன பண்றது?”

ஆமா சொல்லவும் பயம்.

“எனக்குப் பாராட்டு விழா எல்லாம் வேணாம். அந்த நேரம் அது இருக்க வேண்டிய இடத்துல இருக்கணும். அது போதும்.” கையைத் துடைத்தார். “உங்க அண்ணன் அந்தச் சக்கரத்தை இன்னும் வச்சிருக்காரா? ஞாயித்துக்கிழமை காலையில வரச் சொல்லு. நானும் கூட நடக்கிறேன்.”

அண்ணனிடம் சொன்னேன். வர மாட்டார் என்றுதான் நினைத்தேன். உடனே ஒப்புக்கொண்டார். “வர்றேன். அன்னைக்கு அளந்தபடியே அளந்து காட்டுறேன். 3,108 வரும். அதுக்கப்புறம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது.”

8.

இன்று சனிக்கிழமை. நாளைக்கு நடக்கப்போவதற்கு இன்றே முடிவு எழுதி வைப்பது என் தொழில் பழக்கம். கூட்டம் நடக்கும் முன்பே நன்றிக் கடிதம் தயாராக இருக்கும். ஆகவே:

(அ) அண்ணன் தன் தவறை உணர்கிறார். கண் கலங்குகிறார். அக்கா மன்னிக்கிறார். — எங்கள் அப்பா இறந்தபோது அண்ணன் கண் கலங்கினார். அதற்குப் பிறகு இல்லை. ஒரு சந்திப்புக்காகக் கலங்குவார் என்று எழுதினால் அண்ணியே சிரிப்பார்.

(ஆ) 3,108 வருகிறது. அண்ணன் வீட்டுக்குப் போகிறார். மலர் அச்சாகிறது. மேடையில் குளிர்பெட்டிக் கடை ஓட்டுநரின் மகனுக்குச் சாதனைக் கேடயம். — நடக்கக்கூடியது. அதனாலேயே பிடிக்கவில்லை.

(இ) அக்கா சக்கரத்தைப் பிடுங்கித் தானே தள்ளி— — இல்லை. அவர் கையெழுத்தைத் தலைவர் ஏற்க மாட்டார்.

(ஈ) அண்ணனின் கையெழுத்தை நானே போட்டுவிடுகிறேன். அவருடைய கையெழுத்து எனக்கு அச்சு அசலாக வரும். பள்ளி மதிப்பெண் அட்டையில் அப்பாவுக்குப் பதிலாக அண்ணன் போடுவார், அண்ணனுக்குப் பதிலாக நான் போடுவேன். — இதை இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவை அடித்தேன். மூன்றாம் தடவை எழுதுவதற்குள் தூங்கப் போகிறேன்.

9.

ஞாயிறு காலை ஆறரை. கடைகள் திறக்கவில்லை. தபால் நிலையத்தின் முன்னால் தொடக்கக் கோடு வெளுத்துப்போய் இருந்தது. அண்ணன் அலுவலகச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கையில் அளவுச் சக்கரம்: நீளமான பிடி, அடியில் ஒற்றைச் சக்கரம், பக்கத்தில் எண் காட்டும் சிறிய பெட்டி. அக்கா சட்டைக் கையில் மாவோடு நேராகக் கடையிலிருந்து வந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்தார்கள். நாற்பது வருடம் ஒரே நகரத்தில் இருந்தும் பேசிக்கொள்வது இதுதான் முதல் தடவை.

“நீங்கதான் அளவுக்காரரா?”

“நீங்கதான் ரொட்டிக்காரம்மாவா?”

“நடப்போமா?”

அண்ணன் நடந்தார். கண் தரையில். அவருடைய அடி ஒவ்வொன்றும் மற்றதைப் போலவே இருந்தது. சக்கரம் டிக் டிக் என்று உருண்டது. நேர்த்தெரு முடிந்தது. “நானூத்திப் பன்னிரண்டு,” என்றார், என்னைப் பார்க்காமல். எழுதிக்கொண்டேன். பதிவேட்டில் இருந்த அதே எண். அவர் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம்.

முதல் சந்திப்பின் ஓரத்தில் நின்றார். சக்கரத்தை ஒரு சாண் தூக்கினார். இரண்டு பக்கமும் பார்த்தார். தூக்கிய சக்கரத்தோடு குறுக்கே நடந்து, எதிர் ஓரத்தில் மெதுவாக இறக்கினார். முப்பத்திரண்டு வருடம் செய்த வேலை. கை யோசிக்கவே இல்லை.

“ஏன் தூக்கிட்டீங்க?” என்றார் அக்கா.

“ஜங்ஷன் வேற பதிவு.”

“அப்போ நான் என்ன பண்ணினேன்? வேனைத் தூக்கிக்கிட்டா இந்தப் பக்கம் வந்தேன்?”

அண்ணனிடம் பதில் இருந்தது. முறை, தார், சதுர மீட்டர். வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு பால் வேன் நேர்த்தெருவிலிருந்து வந்து எங்களைக் கடந்து போனது. அதன் நான்கு சக்கரமும் தரையில்தான் இருந்தன. அண்ணன் அது போவதை முடிதிருத்தும் கடை வரைக்கும் பார்த்தார். பிறகு வாயை மூடிக்கொண்டார்.

திரும்பினார். சக்கரத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்த வழியே நடந்தார்.

“போயிட்டாரா?” என்றார் அக்கா.

“தெரியலக்கா,” என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை. அவருடைய வீடும் அந்தப் பக்கம்தான்.

அவர் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. தொடக்கக் கோட்டில் போய் நின்றார்.

10.

இதை நான் தபால் நிலையப் படியில் உட்கார்ந்து, எண் எழுதக் கொண்டுவந்த நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். எண் பெட்டியைப் பூஜ்யத்துக்குத் திருப்பும் குமிழ் இறுகிப்போய்விட்டது. கீழே உட்கார்ந்து அண்ணன் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்.

“தட்டுக்குத் தடவுற எண்ணெய் கடையில இருக்கு. கொண்டு வரட்டா?” என்கிறார் அக்கா.

“வேணாம்மா. கண்ட எண்ணெய் போடக் கூடாது. இது ஆபீஸ் சக்கரம்.”

“ஆபீஸ் சக்கரம் உங்க வீட்டுல என்ன பண்ணுது?”

அண்ணன் குமிழை இன்னும் கவனமாகப் பார்க்கிறார். (வாசகரே, இது நமக்குள் இருக்கட்டும்.)

பூஜ்யத்தில் தொடங்கி என்ன செய்யப்போகிறார்? முதல் சந்திப்பு நானூற்றுப் பன்னிரண்டு மீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே போனதும் கை தானாகத் தூக்கலாம். தூக்காமல் உருட்டிக்கொண்டே போகலாம். உருட்டிப் பதினோரு சந்திப்பும் முடித்து, 3,304 என்று உரக்கச் சொல்லிவிட்டு, கையெழுத்து மட்டும் முடியாது என்று வீட்டுக்கும் போகலாம். அவர் என் அண்ணன். அறுபது வருடமாகத் தெரியும். என்னால் சொல்ல முடியவில்லை.

முடியாது என்பதைவிட, மாட்டேன். இந்தத் தடத்தைப் பற்றி நான் ஒருமுறை, நடந்து பார்க்காமல், அளக்காமல், மேசையில் உட்கார்ந்தபடியே ஒருவருக்கு முடிவு எழுதி அனுப்பியிருக்கிறேன். மூன்று பத்தி. மொழிப் பிழை ஒன்றுகூட இல்லை. நேற்று எழுதிய (அ) முதல் (ஈ) வரை எல்லாம் அதே மேசையில் எழுதியவைதான்.

குமிழ் திரும்பிவிட்டது. அக்கா குனிந்து எண்ணைப் பார்க்கிறார். அண்ணன் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டு, சக்கரத்தைக் கோட்டின்மேல் வைக்கிறார். ஒரு விரல் முன்னால் போய்விட்டது போல. பின்னால் இழுத்து, மறுபடி வைக்கிறார்.

“ஏம்மா, அங்க உட்கார்ந்து என்ன எழுதுறே? இன்னும் நான் நம்பரே சொல்லலையே!”

“வர்றேண்ணா.”

முடிவை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் கூட நடக்க வேண்டும்.